கடற்காற்று எத்தனை மணிக்கு வரும்?

கோடை விடுமுறை விட்டதும் பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது சென்னையில் வழக்கமாகிவிட்டது. கேட்டால் வெயிலைக் காரணம் சொல்கிறார்கள். நான் பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவள். எட்டு வயதுப் பேத்தியும் நாலு வயதுப் பேரனும் கோடை முழுக்க மந்தைவெளியில் என்னோடுதான் இருப்பார்கள். கத்திரி நாளிலும் அவர்களை வெளியே கூட்டிப்போகிறேன். இந்த ஊர் வெயிலுக்கு ஒரு நேரக்கணக்கு இருக்கிறது. அதைப் படித்துக்கொண்டால் மே மாதத்திலும் பிள்ளைகள் மண்ணில் ஓடலாம்.

காலை நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்தில் ஐந்தே முக்கால் வாக்கில் விடிந்துவிடும். ஆறு மணிக்குப் பூங்காவில் இருந்தால் எட்டு வரை விளையாடலாம். பொடி தடவிய இட்லியை டப்பாவில் எடுத்துப்போய் அங்கேயே சாப்பிடலாம். எட்டரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும்.

மாலைதான் கணக்குப் பார்க்க வேண்டிய நேரம். பகலில் நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். நிலத்தின் மேலுள்ள காற்று சூடேறி மேலே போக, அந்த இடத்துக்குக் கடல் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வரும். கோடையில் மேற்கிலிருந்து வீசும் நிலக்காற்று பலமாக இருந்தால் இந்தக் கடற்காற்றை உள்ளே விடாது. மதியத்துக்குள் கடற்காற்று வந்துவிட்டால் வெப்பம் அதற்கு மேல் அவ்வளவாக ஏறாது. இரண்டு, மூன்று மணி வரை வராவிட்டால் அன்றைக்கு நாற்பது டிகிரியைத் தாண்டிவிடும். 2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. கடற்காற்று கரையோரத்தைத் தொட்டு, பிறகு மெல்ல உள்ளே நகரும். பெசன்ட் நகரில் துணி படபடக்கும் நேரத்தில் அம்பத்தூரில் இலைகூட அசையாது.

எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டுத் தென்னை தெரியும். அதன் கீற்றெல்லாம் கடல் பக்கம் சாய்ந்திருந்தால் வீசுவது நிலக்காற்று. மேற்கே திரும்பிவிட்டால் கடற்காற்று வந்துவிட்டது. இந்தக் கணக்கைப் பேத்திக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மதியச் சாப்பாடு ஆனதும் ஜன்னலுக்கு ஓடுவாள். "பாட்டி, காத்து திரும்பிடுச்சு! நாலரைக்குக் கிளம்பலாமா?" என்பாள். திரும்பாத நாளில் ஐந்தரை வரை காத்திருப்போம். அந்த நாட்களில் அவள் அடம்பிடிப்பதில்லை, தென்னையே பதில் சொல்லிவிடுகிறதே.

இவ்வளவு கவனம் எதற்கு என்றால், சிறு பிள்ளைகளின் உடம்பு நம் உடம்பு மாதிரி சூட்டைத் தாங்காது. எடையோடு ஒப்பிட்டால் அவர்களின் தோல்பரப்பு நம்மைவிட அதிகம். சுற்றியுள்ள காற்று தோலைவிடச் சூடாக இருக்கும்போது அந்தச் சூட்டை வேகமாக வாங்கிக்கொள்வார்கள். வியர்ப்பதும் குறைவு. சென்னையின் ஈரக்காற்றில் வந்த வியர்வையும் காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. விளையாட்டு மும்முரத்தில் தாகம் எடுப்பதையும் சொல்ல மாட்டார்கள். அதனால் கேட்பதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருப்பேன். பையில் உப்புப் போட்ட நீர்மோர் எப்போதும் உண்டு. முகம் சிவந்து, சிணுங்கி, விளையாட்டில் மனமில்லாமல் குழந்தை வந்து மடியில் படுத்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், ஈரத்துணியால் கழுத்தையும் அக்குளையும் துடைத்து விசிற வேண்டும். பேச்சு குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பூங்காவைத் தேர்ந்தெடுக்கும்போது பலர் ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும்தான் பார்க்கிறார்கள். நான் அண்ணாந்து மரத்தைப் பார்ப்பேன். இரும்புச் சறுக்கு, ரப்பர் தரை, பிளாஸ்டிக் புல் எல்லாமே வெயிலில் கொதிக்கும். புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பார்த்து, தாங்க முடியாவிட்டால் பேரனை அதில் ஏற்ற மாட்டேன். எங்கள் பக்கத்தில் ஒரு சின்னப் பூங்காவைப் புதுப்பிக்கிறோம் என்று இரண்டு வளர்ந்த மரங்களை எடுத்துவிட்டு, வண்ண வண்ணமாக ரப்பர் பதித்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கும் அங்கே அனல் அடிக்கிறது, பிள்ளைகள் யாரும் போவதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

புங்கை, வேம்பு இரண்டும் இந்த ஊருக்கென்றே அமைந்த மரங்கள். பழைய இலையைக் கோடைக்கு முன்பே உதிர்த்து, கத்திரி தொடங்குவதற்குள் புது இலையோடு நிழல் விரித்துவிடும். புங்கையடியில் பொரி சிந்தியதுபோலப் பூ உதிர்ந்து கிடக்கும். அந்த நிழலில் எங்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானே தேவைப்படுவதில்லை. குல்மொஹர் மொட்டைப் பிரித்து உள்ளிருக்கும் மகரந்தக் காம்புகளை எடுத்து, தலையோடு தலை கோத்து இழுப்பார்கள். யார் காம்பின் தலை அறுகிறதோ அவர் தோற்றார். பச்சை மடல்களை நகத்தில் ஒட்டிக்கொண்டு பேய் ஆவார்கள். தூங்குமூஞ்சி மரத்தின் இலைகள் சாயங்காலத்தில் மடிந்துகொள்வதைப் பார்த்து, "மரத்துக்குத் தூக்கம் வந்துடுச்சு, நாம போலாம்" என்று பேரனே சொல்கிறான். வீட்டுக்குக் கூப்பிடும் வேலை எனக்கு மிச்சம்.

நாங்கள் அதிகம் போவது லஸ் பக்கத்தில் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு. அமிர்தாஞ்சன் நிறுவிய காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரில் உள்ள பூங்கா அது. நடப்பவர்கள், செய்தித்தாள் படிப்பவர்கள் என்று காலையில் பெரியவர்கள் கூட்டம் நிறைந்திருக்கும். பிள்ளைகள் ஓடினால் முகம் சுளிக்காத கூட்டம். தோட்டம் பார்க்க வேண்டுமென்றால் கதீட்ரல் சாலையில் செம்மொழிப் பூங்கா. முன்பு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்த அதே இடத்தில் 2010-ல் திறந்தார்கள். கிண்டி சிறுவர் பூங்காவுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும், செவ்வாய்க்கிழமை விடுமுறை. அதை ஒட்டிய தேசியப் பூங்காவில், ஊருக்கு நடுவே, வெளிமானும் புள்ளிமானும் இன்னும் மேய்கின்றன. இந்தச் செய்தி ஒன்று போதும், எட்டு வயதுப் பெண்ணுக்கு நாள் முழுக்கக் கேள்வி வரும்.

கடற்கரைக்கு வெயில் தாழ்ந்த பிறகுதான். மணல் சூடு ஆறச் சற்று நேரமாகும், செருப்பைச் சீக்கிரம் கழற்றவிடாதீர்கள். அலை கால் நனைப்பதற்கு மட்டும். அடியில் இழுக்கும் நீரோட்டம் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையே கொண்டுபோயிருக்கிறது. எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளையாக நிற்கும் கட்டடம் கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க் மாலுமியின் நினைவாக எழுப்பியது. 1930-ல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப்போய் அவர் இறந்துபோனார். இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து பேத்தி தம்பியின் கையை விடுவதே இல்லை.

அடுத்த வருடம் மார்ச், ஏப்ரலில் குழந்தைகளை ஒரே ஒரு மாலை வெளியே அழைத்துப்போக முடியும் என்றால், பெசன்ட் நகர் கடற்கரைக்கு அழைத்துப்போங்கள். பங்குனி ஆமைகள் குளிர்காலத்தில் கரையேறி இடும் முட்டைகளை இரவிரவாக நடந்து தேடி எடுத்து, வேலியிட்ட குஞ்சு பொரிப்பகத்தில் புதைத்துக் காப்பாற்றுகிறார்கள். மாணவர்கள் 1988-லிருந்து இதைச் செய்து வருகிறார்கள், வனத்துறையும் செய்கிறது. ஐம்பது நாள் வாக்கில் பொரிந்த குஞ்சுகளைப் பொழுது சாயும் நேரத்தில் மணலில் விடுவார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கட்டணம் கிடையாது. பளிச்சென்ற கைப்பேசி வெளிச்சம் குஞ்சுகளுக்குத் திசையைக் குழப்பும் என்பதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். முன்வரிசையில் இடம் வேண்டுமென்றால் ஐந்தரைக்கே போய் உட்கார வேண்டும்.