நேற்று வந்த சேனல் இன்று எங்கே?

டெலிவிஷன் நிலையத்துக்கும் கேபிள் கம்பெனிக்கும் சண்டை! இருட்டாவது வீட்டுத் திரை!

இரவு 8 மணி.

சின்னமனூரில் ஒரு வீடு. அடுப்படி வேலை முடிந்தது. பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் டெலிவிஷன் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். நேற்று பாதியில் நின்ற தொடர்கதையின் மீதியைப் பார்க்க வேண்டும்.

பேரன் பொத்தானை அழுத்தினான். திரையில் படம் இல்லை!

"என்னடா ஆச்சு? பெட்டி கெட்டுப்போச்சா?"

"இல்லை அப்பத்தா. மத்த சேனல் எல்லாம் வருது. இது மட்டும்தான் வரலை."

"மாசாமாசம் காசு கொடுக்கிறோமே! அப்புறம் ஏன் வரலை?"

பேரனுக்குப் பதில் தெரியவில்லை.

தேனியிலும், கம்பத்திலும், போடியிலும், உத்தமபாளையத்திலும், தமிழ்நாட்டின் மற்ற ஊர்களிலும் இந்தக் கேள்வி பல முறை எழுந்தது உண்டு. பெட்டி கெடவில்லை. கம்பியும் அறுந்துபோகவில்லை. பிறகு ஏன் படம் வரவில்லை?

சேனல் நடத்துகிறவருக்கும், கம்பியைப் பிடித்திருக்கிறவருக்கும் தகராறு! அதுதான் காரணம்.

இந்தத் தகராறு எப்படி வந்தது? அந்தக் கதையைப் பார்ப்போம்.

மலை மறைத்த படம்

சென்னையில் டெலிவிஷன் நிலையம் தொடங்கியது 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி. அந்தப் படம் கம்பம் பள்ளத்தாக்குக்கு எட்டவில்லை. கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் கோபுரம் வந்த பிறகுதான் தென் மாவட்டங்களுக்கு விடிவு பிறந்தது.

டெலிவிஷன் அலை நேர்கோட்டில் போகும். நடுவே மலை நின்றால் மறைத்துவிடும். கம்பம் பள்ளத்தாக்கிலோ ஒருபுறம் மேற்குத்தொடர்ச்சி மலை, மறுபுறம் மேகமலை! ஓட்டு வீட்டின் மேல் நீண்ட குழாய். அதன் நுனியில் ஆண்டெனா. ஒருவர் கூரை மேல் ஏறித் திருப்புவார். மற்றொருவர் வீட்டுக்குள் இருந்து, "இன்னும் கொஞ்சம்! இன்னும் கொஞ்சம்!" என்று குரல் கொடுப்பார்.

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியது கேபிள். ஒருவர் வீட்டு மாடியில் குடை போன்ற பெரிய டிஷ். அங்கிருந்து தெருத் தெருவாகக் கம்பி. வீட்டுக்கு வீடு படம்!

அமெரிக்காவிலும் மலைதான்

உலகத்தில் கேபிள் டெலிவிஷன் பிறந்ததும் மலையால்தான் என்பது வேடிக்கையான உண்மை.

அமெரிக்காவில் பென்சில்வேனியா என்ற மாநிலம் இருக்கிறது. அங்கே மலைகளுக்கு நடுவே இருந்த சிறிய ஊர்களில் படம் தெரியவில்லை. 1948-ம் ஆண்டை ஒட்டி, உயரமான இடத்தில் ஆண்டெனாவை நட்டு, அங்கிருந்து வீடுகளுக்குக் கம்பி இழுத்தார்கள். கேபிள் பிறந்தது!

மலைவாசிகளுக்குப் படம் காட்ட வந்த அந்தக் கம்பிதான், பிறகு கோடி கோடியாகப் பணம் புரளும் தொழிலாக மாறியது. பணம் வந்தது. கூடவே சண்டையும் வந்தது.

மடை யார் கையில்?

கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு இந்தச் சண்டையை எளிதில் விளக்கிவிடலாம். முல்லைப்பெரியாறு தண்ணீரை எண்ணிப் பார்த்தால் போதும்.

1895-ம் ஆண்டு பென்னிகுயிக் கட்டி முடித்த அணையில் இருந்து தண்ணீர் வருகிறது. பள்ளத்தாக்கில் 14 ஆயிரத்து 707 ஏக்கர் இருபோக நிலம் அதை நம்பி இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடலாம். ஆனால் மடையைத் திறந்தால்தானே வயலுக்குப் பாயும்?

டெலிவிஷனும் அப்படித்தான். சேனல்தான் ஆறு. பெரிய கேபிள் கம்பெனியின் கண்ட்ரோல் ரூம்தான் மடை. ஊர்க் கேபிள்காரர் வாய்க்கால். வீடுதான் வயல்.

புகழ் பெற்ற சேனல், "எனக்கு வீட்டுக்கு இத்தனை ரூபாய் கொடு. இல்லாவிட்டால் படம் தரமாட்டேன்" என்று கேபிள் கம்பெனியிடம் சொல்கிறது.

புதிய சேனலிடம் கேபிள் கம்பெனி, "என் கம்பியில் இடம் வேண்டுமா? நீ எனக்குப் பணம் கொடு" என்று சொல்கிறது.

பலம் உள்ளவர் மற்றவரிடம் வாங்குகிறார். இதுதான் சண்டையின் வேர்.

ஆறும் மடையும் ஒருவருக்கே சொந்தமாக இருந்தால்? அப்போது சண்டை இன்னும் பெரிதாகிறது. தமிழ்நாட்டில் நடந்தது அதுதான்.

மதுரையில் மூண்ட தீ

சன் டி.வி. 1993-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி தொடங்கியது. விரைவிலேயே வீட்டுக்கு வீடு புகழ் பெற்றது. அதே குழுமத்தின் கேபிள் கம்பெனி சுமங்கலி கேபிள் விஷன். சேனலும் அவர்களுடையது. கம்பியும் அவர்களுடையது!

இது சரியல்ல என்று அரசியல் அரங்கில் குரல் எழுந்தது. 2006-ம் ஆண்டு ஜனவரி மாதம், முதல்-மந்திரி ஜெயலலிதாவின் அரசு ஒரு மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றியது. பெரிய கேபிள் கம்பெனிகளை அரசே எடுத்துக்கொள்ளலாம் என்றது அந்த மசோதா. ஆனால் அது சட்டமாகவில்லை.

அந்த ஆண்டு தேர்தலில் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. அடுத்த ஆண்டு யாரும் எதிர்பாராத திருப்பம் ஏற்பட்டது.

2007-ம் ஆண்டு மே 9-ந் தேதி. தினகரன் பத்திரிகையில் ஒரு கருத்துக்கணிப்பு வெளியானது. அதையொட்டி மதுரையில் அந்தப் பத்திரிகையின் அலுவலகம் தாக்கப்பட்டது. தீ வைக்கப்பட்டது. உள்ளே இருந்த 3 பேர் பரிதாபமாக உயிர் இழந்தார்கள்.

முதல்-மந்திரி கருணாநிதியின் குடும்பமும், சன் குழுமத்தை நடத்திய மாறன் குடும்பமும் உறவினர்கள். இந்தச் சம்பவத்தோடு இரு குடும்பமும் பிரிந்தன. 2007-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி கலைஞர் டி.வி. பிறந்தது. அக்டோபர் மாதம் அரசு கேபிள் டி.வி. கார்ப்பரேஷன் என்ற அரசு கம்பெனி பதிவு செய்யப்பட்டது. தஞ்சாவூர், கோவை, நெல்லை, வேலூர் ஆகிய ஊர்களில் கண்ட்ரோல் ரூம்களும் வந்தன.

2008-ம் ஆண்டு டிசம்பரில் இரு குடும்பமும் மீண்டும் ஒன்று சேர்ந்தன. அரசு கேபிளோ நடை தளர்ந்து படுத்துவிட்டது!

70 ரூபாய் கேபிள்

படுத்த குதிரை 2011-ம் ஆண்டு எழுந்தது. மீண்டும் முதல்-மந்திரியான ஜெயலலிதா, செப்டம்பர் 2-ந் தேதி அரசு கேபிளைத் தொடங்கி வைத்தார். சென்னை நீங்கலாக மற்ற மாவட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரே நாளில் தொடக்கம். தேனி மாவட்டமும் அதில் அடக்கம்.

மாதம் 70 ரூபாய்தான் கட்டணம்! அதில் 20 ரூபாயை ஊர்க் கேபிள்காரர் அரசு கம்பெனிக்குக் கட்ட வேண்டும். மீதி அவருக்கு. மாதா மாதம் அதைவிட அதிகம் கொடுத்து வந்த குடும்பங்கள் மகிழ்ந்தன.

ஆனால் பொத்தானை அழுத்திய பிறகுதான் குறை தெரிந்தது. இலவசச் சேனல்கள் வந்தன. சன் டி.வி. உள்ளிட்ட கட்டணச் சேனல்கள் வரவில்லை! பணம் குறைந்தது, பார்த்துக்கொண்டிருந்த தொடர்கதையும் போயிற்று.

பிறகு பேச்சுவார்த்தை நடந்தது. கட்டணச் சேனல்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அதுவரை காத்திருந்தது யார்? சேனல் முதலாளி அல்ல. மந்திரி அல்ல. சின்னமனூர் அப்பத்தா போன்றவர்கள்தான்!

அடுத்த அடி மற்றப் பக்கத்தில் விழுந்தது. சுமங்கலியை நடத்தும் கல் கேபிள்ஸ் கம்பெனியின் லைசென்சை 2014-ம் ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு ரத்து செய்தது. உள்துறை பாதுகாப்பு அனுமதி தரவில்லை என்பது காரணம். கம்பெனி சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. செப்டம்பர் மாதம் அந்த உத்தரவை ஐகோர்ட்டு ரத்து செய்தது. அரசு கேபிளும் டிஜிட்டல் லைசென்சுக்காகப் பல ஆண்டுகள் காத்துக் கிடந்தது. 2017-ம் ஆண்டு ஏப்ரலில்தான் அது கிடைத்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தச் சண்டைகளுக்குக் கடிவாளம் போட விதிகள் இருக்கின்றன. ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' அவற்றை வகுத்தது.

முதல் விதி 2004-ம் ஆண்டு டிசம்பரில் வந்தது. தன் சேனலை ஒரு கேபிள் கம்பெனிக்குக் கொடுத்து, இன்னொரு கம்பெனிக்கு மறுக்கக்கூடாது. கேட்பவர் எல்லோருக்கும் பாரபட்சம் இல்லாமல் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது விதி: கம்பியில் இடம் இருக்கும்போது, முறைப்படி கேட்கும் சேனலுக்குக் கேபிள் கம்பெனி இடம் மறுக்கக்கூடாது. அதற்காக வாங்கும் கட்டணத்துக்கும் 2017-ம் ஆண்டு உச்சவரம்பு வந்தது. சாதாரணச் சேனல் என்றால், மாதத்துக்கு ஒரு வீட்டுக்கு 20 காசுக்கு மேல் வாங்கக்கூடாது என்று அப்போது சொல்லப்பட்டது.

மூன்றாவது விதி: சொல்லாமல் கொள்ளாமல் படத்தை நிறுத்தக்கூடாது. 3 வார முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும்.

விதிகள் இருந்தும் சண்டை ஓயவில்லை. 2023-ம் ஆண்டு பிப்ரவரியில் விலைத் தகராறு முற்றியது. ஸ்டார், சோனி, ஜீ ஆகிய 3 குழுமங்கள், புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத கேபிள் கம்பெனிகளுக்குப் படத்தை நிறுத்தின. நாடு முழுவதும் சுமார் 4½ கோடி வீடுகள் பாதிக்கப்பட்டன என்று கேபிள் கம்பெனிகளின் சங்கம் கூறியது. சில நாட்களில் உடன்பாடு ஏற்பட்டது. படம் திரும்பியது.

அமெரிக்காவும் இதற்கு விலக்கு அல்ல. 2013-ம் ஆண்டு ஆகஸ்டில், சி.பி.எஸ். டெலிவிஷனுக்கும் டைம் வார்னர் கேபிள் கம்பெனிக்கும் மோதல். நியூயார்க் போன்ற பெரிய நகரங்களில் ஒரு மாதம் சி.பி.எஸ். படம் வரவில்லை!

சத்தம் இல்லாமல் மறையும் சேனல்

பெரிய சேனல் நின்றால் ஊரே பேசுகிறது. பத்திரிகையில் செய்தி வருகிறது. கோர்ட்டில் வழக்கு நடக்கிறது.

சிறிய சேனல் நின்றால்?

ஊர்களில் உள்ளூர் சேனல்கள் உண்டு. வீரபாண்டி கவுமாரியம்மன் கோவில் சித்திரைத் திருவிழா போன்ற விழாக்களை நேரில் காட்டுவது அவைதான். கல்யாண வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, பள்ளிக்கூட ஆண்டு விழா, பாத்திரக்கடை விளம்பரம் எல்லாம் அதில்தான் வரும். சுருளிக்குக்கூடப் போக முடியாத முதியவர், கட்டிலில் படுத்தபடி ஊர்த் தேரைப் பார்ப்பது அந்தச் சேனலில்தான்.

இந்தச் சேனல்கள் செயற்கைக்கோளில் இருந்து வருபவை அல்ல. கம்பி வழியாக மட்டுமே வருபவை. ஆகவே, 'இடம் மறுக்கக்கூடாது' என்ற விதி இவற்றுக்குப் பொருந்தாது. அரசு கேபிளில் இடம் வேண்டும் என்றாலும் கட்டணம் கட்ட வேண்டும். கம்பிக்காரர் "இல்லை" என்றால், முறையிட வழி குறைவு.

அமெரிக்காவில் 1992-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. வானலையில் ஒளிபரப்பும் உள்ளூர் டெலிவிஷன் நிலையம், 3 ஆண்டுக்கு ஒரு முறை தன் வழியைத் தானே முடிவு செய்யலாம். "பணம் வேண்டாம், என்னைக் கட்டாயம் காட்டு" என்று கேபிள் கம்பெனியிடம் கேட்கலாம். அல்லது, "பணம் பேசி முடித்த பிறகே காட்டு" என்று சொல்லலாம். கேபிள் கம்பெனிகள் வழக்குப் போட்டன. 1997-ம் ஆண்டு அங்குள்ள சுப்ரீம் கோர்ட்டு, கட்டாய விதி செல்லும் என்று தீர்ப்பு சொன்னது.

நம் நாட்டில், 1995-ம் ஆண்டு கேபிள் சட்டத்தின்படி தூர்தர்ஷனுக்கு அப்படி ஒரு கட்டாய இடம் உண்டு. ஆனால், உள்ளூர் திருவிழாவைக் காட்டும் சின்னஞ்சிறு சேனலுக்கு அந்தக் குடை இல்லை.

அப்பத்தாவுக்குப் பதில்

"காசு கொடுக்கிறோமே, ஏன் வரலை?" என்ற கேள்வி சாதாரணக் கேள்வி அல்ல. மிகச் சரியான கேள்வி.

2019-ம் ஆண்டு முதல், எந்தக் கட்டணச் சேனல் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வீட்டுக்காரருக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் தனி விலை உண்டு. வேண்டாத சேனலுக்குப் பணம் கொடுக்க வேண்டியது இல்லை. கட்டும் பணத்துக்குப் பில் கேட்கலாம். கேட்ட சேனல் நின்றுபோனால், என்ன காரணம் என்று கேட்கலாம். கேபிள் கம்பெனி புகார் எண் வைத்திருக்க வேண்டும். அதில் புகார் சொல்லலாம்.

மடையில் தண்ணீர் வராவிட்டால், கம்பம் பள்ளத்தாக்கு விவசாயி வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பாரா? பக்கத்து வயல்காரரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்பார்.

திரையில் படம் வராவிட்டாலும் அப்படித்தான் கேட்க வேண்டும். பெரிய சேனலுக்காக மட்டும் அல்ல. ஊர்த் தேரைக் காட்டும் சின்னச் சேனலுக்காகவும்!