புனித அலிப்பியோ வாசல் மொசைக் ஓவியம்
வெனிஸ், புனித மாற்கு பேராலயம். 13ஆம் நூற்றாண்டு

பொன் பின்னணியில் தெரியும் கட்டடம் இதே பேராலயம்தான். நடு வாசலுக்கு மேல் நான்கு குதிரைகளைத் தேடிப் பாருங்கள். உள்ளே தூக்கிச் செல்லப்படுவது நற்செய்தியாளர் மாற்கின் உடல்.

நான்கு நற்செய்திகளில் மாற்கு நற்செய்தியே சிறியது: 16 அதிகாரங்கள். கி.பி. 70ஐ ஒட்டிக் கிரேக்கத்தில் எழுதப்பட்ட அதுவே நான்கில் மூத்தது என்பர் பெரும்பாலான அறிஞர்கள். நூலுக்குள் ஆசிரியர் பெயர் கிடையாது. இயேசுவின் சீடர் பேதுருவுடன் இருந்த மாற்கு எழுதினார் என்பது திருச்சபை மரபு. அவர் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் திருச்சபையை நிறுவி, அங்கேயே கொல்லப்பட்டார் என்பதும் மரபே.

828இல் வெனிஸ் வணிகர் இருவர் அங்கிருந்து உடலைக் கடத்தினார்களாம். முஸ்லிம் சுங்க அதிகாரிகள் தொடாதிருக்க, மேலே பன்றி இறைச்சியைப் போட்டு மூடினார்கள் என்கிறது கதை. திருட்டுதான். வெனிஸ் அதை மறைக்கவில்லை. பேராலயத்தின் உள்ளேயும் வெளியேயும் படமாக்கிப் பெருமைப்பட்டது. மாற்குக்குரிய சிறகுள்ள சிங்கமே வெனிஸ் குடியரசின் சின்னமானது.

1968இல் திருத்தந்தை ஆறாம் பவுல் மாற்கின் எச்சங்களில் ஒரு பகுதியை எகிப்தின் காப்டிக் திருச்சபைக்குத் திருப்பித் தந்தார். அது கெய்ரோவின் புனித மாற்கு பேராலயத்தில் வைக்கப்பட்டுள்ளது.