வன்தட்டைப் பங்கிடும் முறை

கணிப்பொறியின் இயங்குதளத்தை மாற்ற விரும்புவோர் முதற்கண் எண்ணவேண்டுவது அதன் வன்தட்டைப் பங்கிடும் முறையேயாம். இவ்விஷயத்தில் நம் மாணாக்கர் அறியத்தக்கன சிலவற்றை ஈண்டுக் கூற விழைகின்றேன்.

தமிழ்நாட்டு அரசினர் 2011-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தால் எளிய குடும்பத்து மாணாக்கர் பலர் கணினி பெற்றனர். அவற்றுட் பலவற்றில் விண்டோஸும், சீ-டாக் நிறுவனத்தார் இயற்றிய பாஸ் லினக்ஸும் ஒரே தட்டில் அருகருகே குடியிருந்தன. விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றமையால், பழைய கணினியுடையார் லினக்ஸுக்கு மாற எண்ணுதல் இயல்பே.

வீராணத்து நீர் பாயும் வயல்களை வரப்பிட்டுப் பிரித்தல்போலத் தட்டையும் பகுதிகளாகப் பிரிக்கலாம். 1983-இல் தோன்றிய பழைய பகுப்பு அட்டவணையில் முதன்மைப் பகுதிகள் நான்கே. தில்லைக் கோயிலின் பெருங்கோபுரங்களும் நான்கன்றோ! நான்கும் நிரம்பியிருப்பின், ஒன்றை நீக்கி அவ்விடத்தில் நீட்டிப் பகுதி அமைத்தே உட்பிரிவுகள் காணவியலும். ஜிபிடி எனப்படும் புதிய அட்டவணையோ வழக்கமாக 128 பகுதிகளுக்கு இடந்தரும். எனவே, நம் தட்டு எவ்வகையது என்பதை முன்னரே நோக்குதல் அவசியம்.

320 ஜிகாபைட் தட்டு முழுவதையும் லினக்ஸுக்கே அளிப்பதாகக் கொள்வோம். தளத்திற்கு 40, நினைவக இடமாற்றுக்கு 4, எஞ்சியதைப் பயனர் கோப்புகளுக்கெனத் தனிப்பகுதியாக்கலாம். புதியவகைக் கணினியாயின், தொடக்கத்திற்கென ஒரு சிறு பகுதியும் வேண்டும். இங்ஙனம் பிரிப்பதன் பிரயோஜனம் யாதெனின், பின்னொரு நாள் தளம் பழுதுற்றால் அதனை மட்டும் அழித்துப் புதிதாக நிறுவலாம். நம் எழுத்துக்கள் தம்மிடத்தில் இருக்கும்.

விண்டோஸையும் வைத்துக்கொள்ள விரும்புவோர், அதனுள் அமைந்த கருவியைக்கொண்டே அதன் பகுதியைச் சுருக்குக. விரைவுத் தொடக்க வசதியையும் நிறுத்திவிடுக. தட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருப்பின், அதன் மீட்புத் திறவுகோலை முதலில் எழுதி வைத்துக்கொள்க. பகுதிகளை நகர்த்துங்கால் மின்சாரம் நின்றால் கேடு விளையும்; புயற்காலக் கடலூரில் இதனைச் சொல்லவும் வேண்டுமோ? மின்கலத்தை நிரப்பிய பின்னரே தொடங்குக.

நிற்க. சிதம்பரத்தில் ஆராய்ச்சி செய்துவந்த என் நண்பர் ஒருவர், கிள்ளைப் பக்கத்து மூதாட்டியரின் பாடல்களை மூன்றாண்டு அலைந்து பதிவுசெய்திருந்தார். புதிய தளம் நிறுவுகையில், 'தட்டு முழுவதையும் அழிக்க' என்னும் தெரிவை ஆராயாது அழுத்தினார். வேறு பிரதி இல்லை. பாடியவருள் இருவர் அதற்குள் காலமாயினர். புதிய தளமோ யாதொரு குறையுமின்றி நன்கு இயங்கிற்று!

வரப்பு ஒரு வயலை மற்றொன்றினின்று பிரிக்குமேயன்றி, ஊர் முழுதும் வெள்ளம் புகுந்தால் காவாது. அதுபோலவே, தட்டு பழுதாயின் அதன் எல்லாப் பகுதிகளும் ஒருங்கே அழியும். ஆதலின், பிறிதொரு தட்டிற் பிரதி எடுத்து, அப்பிரதி திறக்கின்றதா என்று கண்ணாற் கண்ட பின்னரே பங்கீட்டிற் கைவைப்பீராக.