உங்களுக்குத் தெரியுமா? மாசமாக இருக்கையில் ஃப்ளூ வந்தால்…

2009-இல் பன்றிக்காய்ச்சல் என்ற ஃப்ளூ பரவியபோது அமெரிக்க மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் சுமார் 1 சதவீதம். அந்நோயால் இறந்தவர்களிலோ ஏறத்தாழ 5 சதவீதம். பிள்ளை வளர வளர நுரையீரல் விரிய இடம் குறைவதும் ஒரு காரணம்.

கடலூர், சிதம்பரம் பக்கம் ஐப்பசி மழையோடு காய்ச்சலும் வரும். ‘மாசமா இருக்கறப்ப மாத்திரை வேண்டாம்’ என்று வீட்டார் அஞ்சுவது இயல்புதான். ஆனால் ஃப்ளூவில் அந்தத் தயக்கமே ஆபத்து. மத்திய அரசின் வழிகாட்டுதல்படி கர்ப்பிணிக்குப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமல் மருத்துவர் ஓசல்டாமிவிர் என்ற ஃப்ளூ மருந்தைத் தரலாம். அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம்.

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி கிடையாது. கர்ப்பத்தில் தாய் போட்டுக்கொண்டால் அதன் பாதுகாப்பு பிள்ளைக்கும் சேரும்.

காய்ச்சலோடு மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.