மழைக்காலத்தில் கோப்பிக் கடைகள் ஏன் இப்படிக் குளிர்கின்றன?

கோலாலம்பூர் - சுவெட்டர் என்றால் கேமரன் மலைக்குத்தான் என்ற காலம் போய்விட்டது. நவம்பர் முதல் மார்ச் வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவமழையின்போது, மழைக்கு ஒதுங்கி ஏர்கோன் போட்ட கோப்பிக் கடைக்குள் நுழைபவர்கள், வெளியே இருந்ததைவிட உள்ளே அதிகம் நடுங்குகிறார்கள்.

இதற்குச் சில காரணங்கள் உண்டு.

கடையின் ஏர்கோன், நண்பகல் வெயிலையும் நிறைந்த கூட்டத்தையும் கணக்கிட்டே பொருத்தப்படுகிறது. மழை நாளில் வெயிலும் இல்லை, கூட்டமும் குறைவு. ஆனால், ரிமோட்டில் எண் மாறுவதில்லை.

அடுத்தது ஈரப்பதம். அறை குளிர்ந்ததும் கம்ப்ரசர் நின்றுவிடும். அது நின்றால் காற்றிலுள்ள ஈரம் வெளியேறாது; பிசுபிசுப்பு தொடரும். அதைப் போக்க 20, 18 என்று எண்ணை இன்னும் குறைத்துவிடுகிறார்கள்.

ரிமோட் யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். கோப்பி இயந்திரத்தின் அருகே ஓடியாடி வேலை செய்பவருக்குப் புழுக்கமாக இருக்கும். நனைந்த சட்டையுடன் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கோ, ஆவியாகும் ஈரம் உடற்சூட்டை இழுத்துக்கொள்ளும்.

இது வெறும் வசதிக் குறைவு மட்டுமல்ல. வயதாக ஆக, உடல் தன் சூட்டைத் தக்கவைக்கும் திறன் குறைகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு உலர்ந்த குளிர்காற்று மூச்சிரைப்பைத் தூண்டலாம்.

உட்புறக் காற்றின் தரம் குறித்து 2010-இல் வெளியான மலேசிய நடைமுறை விதித்தொகுப்பு, பணியிடங்களுக்கு 23 முதல் 26 பாகை செல்சியசைப் பரிந்துரைக்கிறது. அரசாங்க அலுவலகங்களில் ஏர்கோனை 24 பாகைக்குக் கீழே வைக்கக்கூடாது என 2011-இல் உத்தரவிடப்பட்டது. கோப்பிக் கடையும் அங்கு வேலை செய்பவர்களுக்குப் பணியிடம்தான்.

என்ன செய்யலாம்?

கடைக்காரர்கள் மழை நாளில் ஏர்கோனை 24 பாகையில் வைத்து, ஈரத்தை அகற்றும் 'டிரை' முறைக்கு மாற்றலாம். காற்று மேசைமீது நேராக விழாதபடி அதன் தகடுகளை மேல்நோக்கித் திருப்பலாம். மின்கட்டணமும் குறையும்.

வாடிக்கையாளர்கள் ஏர்கோனுக்கு நேர்கீழே உள்ள மேசையைத் தவிர்த்து, தலையைத் துவட்டிவிட்டு அமர்வது நல்லது. பெற்றோரையோ குழந்தைகளையோ அழைத்துச் சென்றால் ஒரு மெல்லிய சால்வை கைவசம் இருக்கட்டும். அதற்கும் முன்பாக, "கொஞ்சம் குறைச்சு வைக்க முடியுமா?" என்று பணியாளரிடம் கேட்டுவிடலாம். பல கடைகளில் யாரும் கேட்காததால்தான் அந்த எண் மாறாமலே இருக்கிறது.