உடம்பில் ஏது சக்திக்கோடு?

இம்முறை மருத்துவப் பக்கத்தில் வீடியோ கேம் பற்றி எழுதுகிறோம். கண் கெடும், படிப்புக் கெடும் என்ற பழைய பாட்டுத்தானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விஷயம் வேறு.

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று டிசம்பர் விடுமுறைக்கு யாங்கோன் போய் வந்தது. (பெற்றோரின் சம்மதத்துடன், அடையாளங்களை மாற்றி எழுதுகிறோம்.) மகனுக்குப் பதினைந்து வயது. வீட்டில் ஐஸ் ஹாக்கி கேமில் கில்லாடி. பள்ளியில் தரை ஹாக்கியும் ஆடுவான். போய் இறங்கிய மூன்றாம் நாள், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, சித்தி பிள்ளைகளுடன் மைதானத்துக்குப் போய்விட்டான். முக்கால் மணி நேரம் ஓட்டம். தலை வலிக்கிறது என்று ஓரமாக உட்கார்ந்தவன், இரண்டு நிமிடம் கழித்து மறுபடி இறங்கினான். பத்து நிமிடத்தில் கால் பின்னியது. தம்பியை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டான். எந்தப் பக்கம் கோல் அடிப்பது என்றே தெரியாமல் நின்றான்.

மாமா ஒருவர் டாக்ஸி பிடிக்க ஓடினார். சித்தி விடவில்லை. பையனை நிழலில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, பக்கத்து வீட்டுத் தொட்டித் தண்ணீரைக் குவளை குவளையாக ஊற்றி, அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தார். பையன் தெளிந்து பேச ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரி. யாங்கோன் போக்குவரத்து நெரிசலில் சூடு தணியாத உடம்போடு டாக்ஸிக்குள் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே எங்களுக்கு அச்சமாக இருக்கிறது. முதலில் குளிர்விப்பது, பிறகு கொண்டுபோவது என்று மருத்துவப் புத்தகம் சொல்வதை அந்த அம்மா எந்தப் புத்தகமும் பார்க்காமல் செய்தார்.

ஊர் திரும்பியதும் எங்கள் கிளினிக்குக்கு அழைத்து வந்தார்கள். "தலைவலியோடு ஏன் மறுபடி இறங்கினாய்?" என்று கேட்டோம். "கேமில் பெஞ்சில் உட்கார வைத்தால் நிரம்பிவிடுமே, அங்கிள்" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

என்ன நிரம்புகிறது என்று தெரியாத பெற்றோருக்காகச் சொல்கிறோம். ஈஏ நிறுவனத்தின் என்எச்எல் வரிசைக் கேம்கள் 1991 முதல் வருகின்றன. இப்போதைய பதிப்புகளில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் சக்தி அளவு ஒன்று உண்டு. வேகப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தக் கோடு குறையும். குறையக் குறைய ஆள் மந்தமாவான். மாற்றி வெளியே உட்கார வைத்தால் மீண்டும் ஏறும். இதை அமைத்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். நிஜ ஐஸ் ஹாக்கியிலும் ஓர் ஆள் ஏறக்குறைய 45 விநாடி முழு மூச்சாக ஆடிவிட்டுப் பெஞ்சுக்குப் போய்விடுவார். அந்த முதல் சில விநாடிப் பாய்ச்சலுக்குத் தசையில் இருக்கும் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருள் சக்தி தருகிறது. ஓய்வெடுத்தால் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் அதன் பெரும்பகுதி திரும்பிவிடும். திரையில் நிரம்பும் கோடு காட்டுவது இந்த ஒரு கணக்கைத்தான்.

உடம்பு வைத்திருக்கும் கணக்கோ பல. தசையிலும் ஈரலிலும் சேமித்த சர்க்கரை நன்றாகக் கரைந்துபோனால் திரும்பச் சேர ஒரு நாள்வரை ஆகும். வியர்வையில் போன நீரும் உப்பும் தனிக் கணக்கு. தூக்கம் இன்னொன்று. 2021க்குப் பிறகு யாங்கோனில் மின்வெட்டு எவ்வளவு கூடிவிட்டது என்பது அங்கே உறவினர் உள்ள எல்லோருக்கும் தெரியும். மின்விசிறி நின்றுபோன அறையில் புரண்டு படுத்த பிள்ளை, காலையிலேயே பாதிக் கோட்டோடுதான் எழுந்திருக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரியது உடல் வெப்பம். ஐஸ் அரங்கம் குளிரானது. அதனால் கேமில் அந்தக் கணக்கு எழவே இல்லை. யாங்கோனில் டிசம்பரைக் குளிர்காலம் என்பார்கள், பகலில் 30 டிகிரியைத் தாண்டும். பனிக் காலத்திலிருந்து நேராக அங்கே போய் இறங்கும் உடம்பு, சீக்கிரமாகவும் தாராளமாகவும் வியர்க்கவும், உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும். காற்றில் ஈரம் கூடினால் வியர்வை உலராது, வழிந்து வீணாகும். உலரும் வியர்வைதான் உடம்பைக் குளிர்விக்கும்.

2013 டிசம்பரில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியின் ஹாக்கி ஆட்டங்கள் யாங்கோன் தெய்ன்பியூ ஹாக்கி மைதானத்தில் நடந்தன. வெப்பத்துக்குப் பழகிய நாட்டவர்களே ஆடினாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றிக்கொள்ளும் வசதி அவர்களுக்கு இருந்தது. அடுத்த ஆண்டு, 2014இல், சர்வதேச ஹாக்கியில் 35 நிமிடப் பாதிகள் இரண்டுக்குப் பதிலாகப் பதினைந்து நிமிடப் பகுதிகள் நான்கு வந்தன. பயிற்சி பெற்றவர்களுக்கே இத்தனை இடைவேளை. நாங்கள் ரங்கூனில் பள்ளியில் படித்த 1980களில் விளையாட்டு ஆசிரியர் மாலை நான்கு மணிக்கு முன் மட்டையைத் தொடவே விடமாட்டார். கொடுமைக்காரர் என்று திட்டியிருக்கிறோம். 1988இல் நாடே கொந்தளித்து, பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு, நாடு மாறிப் படித்துப் பட்டம் வாங்கிய பிறகுதான் அவர் செய்தது வைத்தியம் என்று புரிந்தது.

பையன் இன்னொன்றும் சொன்னான்: "அப்போது நாங்கள்தான் அடித்துக்கொண்டிருந்தோம், அங்கிள். அடுத்தடுத்து இரண்டு கோல்." ஒரு கோல் விழுந்தால் அடுத்ததும் வரும் என்ற அந்த 'வேகம் பிடித்துவிட்டது' நினைப்பு கேமிலும் உண்டு, மைதானத்திலும் உண்டு. கேமே ஒரு பக்கம் சாய்கிறது என்று பிள்ளைகள் சண்டை போடுவதையும் கேட்டிருப்பீர்கள். கூடைப்பந்தில் இப்படி ஒன்று கிடையாது, மனப் பிரமைதான் என்று 1985இல் கிலோவிச், வாலோன், ட்வெர்ஸ்கி மூவரும் எழுதினார்கள். அவர்கள் கணக்கிலேயே பிழை இருக்கிறது என்று 2018இல் மில்லரும் சான்ஹூர்ஹோவும் காட்டினார்கள். வாதம் நடக்கட்டும். வைத்தியருக்கு வேண்டியது இதுதான்: உற்சாகத்தில் சுரக்கும் அட்ரினலின் களைப்பை மறைக்கும், வெப்பத்தைக் குறைக்காது. ஜெயித்துக்கொண்டிருக்கும் பிள்ளையைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

தலைவலி, குமட்டல், வெயிலில் மயிர்க்கூச்செறிவது, இவற்றில் ஏதாவது வந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. பேச்சுக் குழறினாலோ, ஆள் அடையாளம் தெரியாமல் போனாலோ வெப்பத்தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். ஒருவர் உதவிக்கு ஆள் அழைக்கட்டும். மற்றவர்கள் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். தொட்டி பெரிதாக இருந்தால் தலையை மட்டும் வெளியே தாங்கிப் பிடித்து உள்ளே அமர்த்தலாம். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். காய்ச்சல் என்று நினைத்துப் பாரசிட்டமால் கொடுக்கும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. இந்தச் சூட்டுக்கு அது வேலை செய்யாது. தும்மலுக்கும் பயண வாந்திக்கும் கொடுக்கும் தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகளில் பல, வியர்வையையே குறைத்துவிடும். எங்கள் பையன் அன்று காலை அப்படி ஒன்றை விழுங்கியிருந்தான் என்பது மூன்றாவது முறை கேட்டபோதுதான் தெரிய வந்தது.

இரத்தப் பரிசோதனையில் அவனுடைய சிறுநீரகமும் ஈரலும் நன்றாகவே இருந்தன. வருகிற விடுமுறைக்கும் யாங்கோன் போகிறார்களாம். எப்போது மட்டை பிடிக்கலாம் என்று கேட்க அவனே வந்தான். பத்து நாள் கழித்து என்றோம். "பயணமே பன்னிரண்டு நாள்தான், அங்கிள்!" பேரம் பேசி, நான்காம் நாள் மாலை இருபது நிமிடம், பிறகு நாளுக்கு ஐந்து நிமிடம் கூட்டுவது என்று முடித்திருக்கிறோம். கடிகாரம் சித்தி கையில்.