சக்கரம் பூட்டிய பனிவண்டி

மாணவ நண்பர்களே, கடலூர் முதுநகர்த் துறைமுகப் பக்கம் போயிருக்கிறீர்களா? விசைப்படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் நேரத்தில் சற்று நின்று பாருங்கள். நீளமான ஐஸ் பாரில் கொக்கியை மாட்டி, ஒரே ஆள் ஈரத் தரையில் சர்ரென்று இழுத்துக்கொண்டு போவார். அதே எடையுள்ள நெல் மூட்டையை அவரால் அப்படி இழுக்க முடியாது. ஐஸ் மட்டும் ஏன் வழுக்குகிறது?

அழுத்தம் கூடினால் பனிக்கட்டியின் உருகுநிலை குறையும், அதனால் அடிப்பாகம் உருகி நீராகிறது என்று பழைய பாடநூல்கள் சொல்லின. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் பனிச்சறுக்குக் காலணியுடன் நிற்கிறார். காலணியின் எஃகுத் தகடு பனிக்கட்டியைத் தொடும் பரப்பு 6 சதுர செ.மீ. என்று கொள்வோம். அழுத்தம் சுமார் 10 வளிமண்டலம். உருகுநிலையை 1 டிகிரி குறைக்கவே 130 வளிமண்டலத்துக்கு மேல் வேண்டும். ஆகவே கிடைப்பது பத்தில் ஒரு டிகிரிகூட இல்லை. சுழிக்குக் கீழே 5 டிகிரி, 10 டிகிரிக் குளிரில் இது எம்மாத்திரம்?

பனிக்கட்டியின் மேற்பரப்பில் எப்போதுமே மெல்லிய நீர்ப்படலம் போன்ற ஒன்று இருக்கிறது என்று மைக்கேல் ஃபாரடே 1850இலேயே கருதினார். உள்ளே இருக்கும் மூலக்கூறை எல்லாப் பக்கமும் அண்டை மூலக்கூறுகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மேற்பரப்பில் உள்ளதற்கு மேலே பிடித்துக்கொள்ள ஆளில்லை. அது தளர்ந்து ஆடுகிறது. இதனோடு, சறுக்கும்போது உராய்வினால் பிறக்கும் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது என்று 1939இல் பௌடன், ஹியூஸ் என்ற இரு அறிவியலாளர்கள் காட்டினார்கள். எதன் பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. நூற்றாண்டுகளாகக் காலடியில் கிடக்கும் பொருளுக்கே இந்தக் கதி!

இந்த வழுக்கலையே விளையாட்டாக்கியதுதான் லூஜ். சிறு வண்டியில் மல்லாந்து படுத்து, கால்களை முன்னே நீட்டி, வளைந்து இறங்கும் பனித்தடத்தில் பாய வேண்டும். வண்டிக்குச் சக்கரம் இல்லை, பிரேக் இல்லை. அடியில் இரண்டு எஃகுத் தண்டுகள் மட்டும் உண்டு. தடத்தின் கான்கிரீட்டுக்குள் குளிர்க்குழாய்கள் ஓடுகின்றன. பல தடங்களில் குளிரூட்டுவது, கடலூர் ஐஸ் தொழிற்சாலையில் பயன்படும் அதே அம்மோனியாதான்.

சிவ கேசவன் என்ற இளைஞர் 1998இல் ஜப்பானின் நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் லூஜில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 16, உங்கள் வயதுதான். தந்தை கேரளத்தவர், தாய் இத்தாலியர். வளர்ந்தது இமாசலத்தின் மணாலியில். மணாலியில் பனி உண்டு, ஆனால் லூஜ் தடம் கிடையாது. அப்படியென்றால் பயிற்சி எப்படி? வண்டிக்குச் சக்கரம் பூட்டி, லாரிகளும் ஆட்டு மந்தைகளும் போகும் மலைச்சாலையில் உருண்டார்! நேராக ஓடிப் பழக இது உதவும். வளைவுக்கு உதவாது, அங்கே எஃகுத் தண்டின் வேலையே வேறு.

சிதம்பரம் தேரோட்டத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் இடது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவார்கள். லூஜில் இதற்கு நேர்மாறு. இடப்பக்கம் திரும்ப, வலது கெண்டைக்காலால் வலது தண்டை அழுத்துகிறார்கள். அந்தத் தண்டின் முனை உள்நோக்கி வளைந்து வண்டியைத் திருப்புகிறது. வினாடிக்கு 35 மீட்டர் வேகத்தில், 25 மீட்டர் ஆரமுள்ள வளைவில் போனால் மையநோக்கு முடுக்கம் என்ன? வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் 49 வருகிறது. ஈர்ப்பு முடுக்கத்தைப் போல் 5 மடங்கு! தலையைத் தூக்கி வைத்திருப்பதே பெரும்பாடு.

தடத்தின் இறக்கம் மொத்தம் 100 மீட்டர் என்று கொள்வோம். சிதம்பரம் கோபுரத்தைப் போல் இரண்டரை மடங்கு உயரம். நிலை ஆற்றல் முழுவதும் இயக்க ஆற்றலானால் மணிக்கு 160 கி.மீ. வேகம் வர வேண்டும். 2011இல் நாகானோவில் கேசவன் எட்டிய உச்ச வேகம் மணிக்கு 134 கி.மீ. மீதியைக் காற்றும் பனிக்கட்டியும் எடுத்துக்கொண்டன. எடை கூடியவரும் குறைந்தவரும் ஒரே வேகத்தில் விழ வேண்டும் என்று கலிலியோ சொன்னாரே என்று கேட்பீர்கள். காற்றில்லாத இடத்தில் அது சரி. காற்றுத் தடை உடலின் பரப்பைப் பொறுத்தது. எடை கூடினால் இழுவிசை கூடுகிறது, தடையோ அவ்வளவாகக் கூடுவதில்லை. அதனால்தான் எடை குறைந்த வீரர்கள் கூடுதல் எடை கட்டிக்கொள்ள விதி இடம் தருகிறது. எஃகுத் தண்டைச் சூடாக்கி வருவதற்கோ தடை உண்டு. புறப்படும் முன் வெப்பநிலையை அளந்து பார்க்கிறார்கள். ஏன் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

நாகானோவில் அவர் பெற்றது 28ஆம் இடம். 2006இல் டூரினில் 25ஆம் இடம். ஒலிம்பிக்கில் அதுதான் அவருடைய உச்சம். இங்கே நேரத்தை ஆயிரத்தில் ஒரு வினாடி வரை கணக்கிடுகிறார்கள். அந்த இடைவெளியில் வண்டி போகும் தூரம் மூன்றரை செ.மீ. பிறந்த ஊரிலேயே தடம் உள்ளவர்களோடு மலைச்சாலையில் பழகியவர் மோதினார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள்.

இந்தியா குளிர்கால ஒலிம்பிக்கிற்கு முதலில் போனது 1964இல். இன்ஸ்ப்ரூக்கிற்குப் போன அணி ஒரே ஒரு வீரர்தான்: போலந்தில் பிறந்த ஜெரமி புஜகோவ்ஸ்கி. 1988இல் கால்கரிக்குப் போன ஷைலஜா குமார் முதல் இந்தியப் பெண். 2022இல் பெய்ஜிங்கிற்கும் ஒருவரே போனார்: காஷ்மீரின் ஆரிஃப் கான்.

2014இல் ரஷ்யாவின் சோச்சியில் நடந்தது வேதனையான கதை. நிர்வாகக் குளறுபடிகளுக்காக இந்திய ஒலிம்பிக் சங்கம் 2012 முதல் இடைநீக்கத்தில் இருந்தது. தொடக்க விழாவில் நம் வீரர்கள் மூவரும் தேசியக் கொடியின்றி, ஒலிம்பிக் கொடியின் பின்னே நடந்தார்கள். பயிற்சி ஓட்டமொன்றில் கேசவன் வண்டியிலிருந்து தூக்கியெறியப்பட்டார். ஆனாலும் வண்டியை விடாமல் பற்றி, ஓட்டத்திலேயே மறுபடி ஏறிப் படுத்துவிட்டார். பிப்ரவரி 9ஆம் தேதி அவருடைய போட்டி முடிந்தது. 11ஆம் தேதி இடைநீக்கம் விலகியது! குற்றம் செய்தவர்கள் யாரோ, கொடியை இழந்தவர் பனித்தடத்தில் படுத்தவர்.

2018இல் தென்கொரியாவின் பியோங்சாங் தொடக்க விழாவில் மூவண்ணக் கொடியை ஏந்தி முன்னால் நடந்தவர் கேசவன்தான். அது அவருக்கு ஆறாவது ஒலிம்பிக். 34ஆவதாக முடித்து, அத்தோடு ஓய்வு பெற்றார்.